உழைத்த உடம்பும் சீனி வியாதியும்

‘மலையேறி வேலை செய்கிற உடம்புக்குச் சீனி வியாதி வராது’ என்பது தோட்டப்புறங்களிலே நெடுங்காலமாக வழங்கிவரும் ஒரு நம்பிக்கை. கேகாலையிலிருந்து கரவனெல்லைக்குச் செல்லும் வீதியில் புளத்கொகுபிட்டியவைச் சூழ்ந்துள்ள ரப்பர் தோட்டங்களிலும், அவற்றுக்கு மேலேயுள்ள தேயிலை மலைகளிலும், இன்றும் இச்சொல்லைக் கேட்கலாம். நீரிழிவு என்றும் சலரோகம் என்றும் பெயர்பெற்ற இந்நோய் துரைமாருக்கும், கடை முதலாளிமாருக்கும், கந்தோரிலே நாற்காலியில் அமர்ந்து பொழுது போக்குவோருக்கும் உரியது. வியர்வை சிந்துவோரை அது நெருங்காது என்பதே இதன் கருத்து. இந்நம்பிக்கையில் பாதி உண்மை, பாதி பொய். உண்மையான பாதியை நம் மக்கள் அனுபவத்தால் கண்டனர். பொய்யான பாதியோ இன்று பல குடும்பங்களுக்குத் துன்பம் விளைத்து வருகின்றது. இரண்டையும் பிரித்தறிய வேண்டுமாயின், நடக்கும்போதும் மலையேறும்போதும் நமது இரத்தத்தில் ஓடும் ஓமோன்கள் என்ன செய்கின்றன என்பதைச் சிறிது அறிந்துகொள்ளல் வேண்டும்.

முதலில் நமது நாட்டின் நிலையைக் கூறிவிடுவோம். 2005, 2006ஆம் ஆண்டுகளில் வடக்கு கிழக்கு மாகாணங்கள் நீங்கலாக ஏனைய ஏழு மாகாணங்களிலும் ஓர் ஆய்வு நடைபெற்றது. இருபது வயதும் அதற்கு மேலும் உள்ளோருள் நூற்றுக்கு 10.3 பேரிடம் நீரிழிவு காணப்பட்டது. நகரத்தில் 16.4, கிராமத்தில் 8.7. நோயாளருள் மூன்றிலொரு பங்கிற்கு மேற்பட்டோர் தமக்கு நோயிருப்பதையே அறியாதிருந்தனர். பின்னர் 2018, 2019ஆம் ஆண்டுகளில் நாடளாவ நடைபெற்ற மற்றோர் ஆய்வு, வயது வந்தோருள் நூற்றுக்கு 23 பேருக்கு நீரிழிவு உண்டென்றும், இன்னும் 30 பேர் வரை அதன் வாசற்படியில் நிற்கின்றனர் என்றும் கூறிற்று. இரண்டு ஆய்வுகளும் ஒரே முறையில் அளக்கப்பட்டவையல்ல. ஆதலின் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்துக் கணக்குப் பார்த்தல் தகாது. ஆயினும், நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் ஒருவரேனும் நோயாளியாயிருக்கக்கூடிய நாடாக இலங்கை ஆகிவிட்டது என்பதை மறுப்பார் யார்?

இனி உடம்பின் உள்ளே செல்வோம். வளர்ந்த மனிதன் ஒருவனின் உடம்பிலே ஏறத்தாழ ஐந்து லீற்றர் இரத்தம் ஓடுகின்றது. சாப்பிடாத வேளையில் அவ்வளவு இரத்தத்திலும் கரைந்திருக்கும் சர்க்கரை எவ்வளவு தெரியுமா? சுமார் ஐந்து கிராம், ஒரு தேக்கரண்டி. நமது பெண்கள் காலையில் ஒரு கோப்பைச் சாயத்தண்ணீருக்கு இடும் சீனி அதனினும் அதிகம். ரொட்டியும் சோறும் சமித்து இரத்தத்திற் சேரும் சர்க்கரை அதனினும் பன்மடங்கு. அவ்வளவும் வந்து சேர்ந்தும் இரத்தத்தில் அந்த ஒரு தேக்கரண்டி அளவு பெரிதும் கூடாமலும் குறையாமலும் காக்கப்படுகின்றதே, அதுவே உடம்பின் அதிசயங்களுள் ஒன்று. இக்காவலைச் செய்வன ஓமோன்கள்.

இரைப்பைக்குப் பின்னால் கிடக்கும் சதையி என்னும் உறுப்பிலே, தீவுகள் போல ஆங்காங்கே சில கலக்கூட்டங்கள் இருப்பதை 1869இல் ஜெர்மானிய மாணவரான போல் லங்கர்ஹான்ஸ் கண்டார். அவை எதற்கு உரியன என்பதை அவர் அறிந்தாரல்லர். 1889இல் மின்கோவ்ஸ்கி, மேரிங் என்னும் இருவர் ஒரு நாயின் சதையியை அகற்றியபோது அந்நாய் நீரிழிவு நோய்க்கு ஆளாயிற்று. அதன் பின் முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1921இல், கனடா நாட்டின் டொரொன்டோ நகரில் பான்டிங், பெஸ்ட் என்போர் அத்தீவுகளின் சாற்றைப் பிரித்தெடுத்தனர். 1922 ஜனவரியில் பதினான்கு வயதுச் சிறுவனாகிய லெனார்ட் தொம்சனுக்கு அது ஊசி மூலம் ஏற்றப்பட்டது. சாவின் விளிம்பில் கிடந்த அச்சிறுவன் மேலும் பதின்மூன்று ஆண்டுகள் வாழ்ந்தான். அச்சாறே இன்சுலின். தீவு எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லினின்று அதற்கு அப்பெயர் வந்தது. மாணவர்கள் இதனை நினைவிற் கொள்ளுதல் எளிது.

இன்சுலின் ஒரு திறவுகோல் போன்றது. உணவுண்டபின் இரத்தத்திற் சர்க்கரை ஏறியவுடன் சதையி இதனைச் சுரக்கின்றது. இது தசைகளின் கதவைத் திறந்து சர்க்கரையை உட்புகச் செய்கின்றது. ஈரலையும் ‘போதும், நீ சர்க்கரையை வெளியிடாதே’ என்று தடுக்கின்றது. அதே தீவுகளிலே பிறக்கும் மற்றோர் ஓமோன் குளுக்ககன். இது 1923இற் கண்டறியப்பட்டது. பசித்த வேளையிலும், உழைக்கும் வேளையிலும், ஈரலிற் சேமித்து வைத்த சர்க்கரையை வெளியே எடுத்துவிடுவது இதன் தொழில். ஒன்று வீட்டிற் சேர்ப்பது. மற்றொன்று வீட்டிலிருந்து எடுத்துக் கொடுப்பது. இவற்றோடு அதிரினலின், கோட்டிசோல் முதலியனவும் அவசர காலத்தில் எடுத்துக் கொடுக்கும் பக்கமே சேரும்.

பெரியவர்களுக்குப் பெரும்பாலும் வரும் இரண்டாம் வகை நீரிழிவிலே இன்சுலின் இல்லாமற் போவதில்லை. ஆரம்பத்தில் அது வேண்டியதற்கு மேலாகவே சுரக்கலாம். ஆனால், தசையும் ஈரலும் அதன் சொல்லைக் கேளாது விடுகின்றன. திறவுகோல் உண்டு, பூட்டுத்தான் துருப்பிடித்துவிட்டது. அதற்குமேல், சாப்பிட்ட பிறகு அடங்கியிருக்க வேண்டிய குளுக்ககனும் அடங்குவதில்லை. வீட்டிற்குள் எடுத்து வைப்பாரும் இல்லை, வெளியே எடுத்து வீசுவாரும் ஓயவில்லை என்றால் முற்றம் நிறையாமல் என்ன செய்யும்? கேளாத தசையைக் கேட்கச் செய்வதற்காகச் சதையி மேலும் மேலும் சுரந்து, ஆண்டுகள் பல கழித்து ஓய்ந்து போகின்றது.

இவ்விடத்திலேதான் தேகாப்பியாசம் வருகின்றது. ஏரோபிக் பயிற்சி என்று இன்று பலரும் கூறுவது பெரிய வித்தையன்று. நுரையீரலும் இருதயமும் ஒட்சிசனைத் தடையின்றி வழங்க, பெரிய தசைகள் தொடர்ந்து இயங்குகின்ற எந்த வேலையும் அதுவே. வேகமாக நடத்தல், மலையேறுதல், சைக்கிள் ஓட்டுதல், நீந்துதல் ஆகியன அவ்வகையின. பக்கத்தில் வருபவரோடு பேச முடியும், பாட்டுப் பாட முடியாது என்னும் அளவு மூச்சு வாங்கினால் அது போதுமான வேகம்.

ஒருவர் நடக்கத் தொடங்கியதும் என்ன நிகழ்கின்றது? இன்சுலின் அதிகரிக்கும் என்றே பலரும் எண்ணுவர். நிகழ்வது அதற்கு நேர்மாறு. இன்சுலின் குறைகின்றது; குளுக்ககனும் அதிரினலினும் ஏறுகின்றன; ஈரல் தன் சேமிப்பைத் திறந்து சர்க்கரையை இரத்தத்தில் விடுகின்றது. உழைக்கும் தசைக்கு அது தேவை. ஆனால், திறவுகோல் குறைந்துவிட்ட நேரத்தில் தசையின் கதவு எவ்வாறு திறக்கும்? இந்த வினாவிற்கு விடை கண்டதே சென்ற நூற்றாண்டின் இறுதியில் உடலியல் அறிஞர் செய்த அருந்தொண்டு. தசைக்கலத்தின் உள்ளே ‘குளூட் நான்கு’ எனப்படும் சர்க்கரைக் காவிகள் உறங்கிக் கிடக்கின்றன. அவற்றை எழுப்பி வாசலுக்கு அனுப்ப இரண்டு வழிகள் உண்டு. இன்சுலின் எழுப்புவது ஒரு வழி. தசை சுருங்கி விரிவதே எழுப்புவது மற்றொரு வழி. இந்த இரண்டாம் வழிக்கு இன்சுலின் வேண்டுவதில்லை. நீரிழிவு நோயாளியிடம் பழுதுபட்டிருப்பது முதல் வழி. இரண்டாம் வழி பழுதின்றியே இருக்கின்றது. ஆகவேதான் மருந்தாற் பணியாத சர்க்கரையும் அரை மணி நேர நடையாற் பணியக் காண்கிறோம். முன்வாசல் பூட்டியிருக்க, கொல்லைப்புற வாசலாற் போவது போன்றது இது.

நடந்து முடிந்து வீடு வந்து சேர்ந்த பின்னரும் பயன் நின்றுவிடுவதில்லை. இதனை மிக அழகாகக் காட்டியது கோப்பன்ஹேகன் நகரில் நிகழ்ந்து 1989இல் வெளியான ஒரு பரிசோதனை. சில ஆடவரை ஒரு காலுக்கு மட்டும் வேலை கொடுக்கச் செய்தனர். மற்றக் கால் சும்மா இருந்தது. நான்கு மணி நேரங் கழித்து அவர்களது இரத்தத்தில் இன்சுலினைச் செலுத்தி, ஒவ்வொரு காலும் எவ்வளவு சர்க்கரையை ஏற்கின்றது என அளந்தனர். உழைத்த காலே மிகுதியாக ஏற்றது. இரு கால்களுக்கும் போனது ஒரே இரத்தம், ஒரே இன்சுலின், உடம்பும் ஒன்றே. உழைத்த தசைக்கு மட்டும் இன்சுலினின் சொல் நன்கு கேட்டது. இவ்வாறு காது கூர்மையடைந்திருக்கும் நிலை ஒரு நாள் முதல் இரண்டு நாள் வரை நீடிக்கும். பின் மெல்ல மங்கும். இரண்டு நாட்களுக்கு மேல் தொடர்ந்து பயிற்சியை விடலாகாது என வைத்தியர் வற்புறுத்துவதன் காரணம் இதுவே.

நாள்தோறும் பயின்றுவருவோரிடம் இன்னும் சில மாறுதல்கள் உண்டு. முன்பு பத்துப் பங்கு இன்சுலின் செய்த வேலையைக் குறைந்த இன்சுலினே செய்வதால், சதையிக்கு ஓய்வு கிடைக்கின்றது. அதே மலையை ஏறும்போது முன்புபோல அதிரினலினும் குளுக்ககனும் துள்ளி எழுவதில்லை. ஈரலில் ஒட்டிக் கிடக்கும் கொழுப்புக் கரைவதால் ஈரலும் இன்சுலினுக்குச் செவிசாய்க்கின்றது. இவையன்றித் தசையே ஓமோன் போன்ற பொருள்களைச் சுரக்கின்றது என்பதையும் கோப்பன்ஹேகன் அறிஞர்கள் 2000ஆம் ஆண்டளவிற் காட்டினர். 2012இல் ‘ஐரிசின்’ என்னும் ஒரு பொருளைப் பற்றிப் பெரும் ஆரவாரம் எழுந்தது. அவ்வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. பத்திரிகைகளில் இத்தகைய புதுப்பெயர்களைக் காணும் மாணவர்கள் உடனே மயங்கிவிடாது, பத்தாண்டு பொறுத்துப் பார்ப்பது நல்லது.

இவையெல்லாம் மேலைநாட்டார் நேற்றுக் கண்டறிந்த புதுமை என்று எண்ணுவாரும் உளர். சிறுநீரை எறும்பு மொய்க்கும் இந்நோயை மதுமேகம் என்று நம் முன்னோர் அறிந்திருந்தனர். சுசுருத சங்கிதையிலே இதற்குக் கூறப்பட்டுள்ள சிகிச்சைகளுள் ஒன்று மிகச் சுவையானது. பொருளில்லாத நோயாளி காலிற் செருப்பின்றி, குடையின்றி, பிச்சையேற்று உண்டு, ஓரூரில் ஓரிரவே தங்கி, முனிவரைப் போல நூறு யோசனை தூரமோ அதற்கு மேலோ நடக்க வேண்டுமாம். வேறு சிலர் பசுக்களோடு திரியலாம். சிலர் கிணறு வெட்டலாம். ஓமோன் என்னும் பெயரே உலகில் இல்லாத காலத்தில் இவ்வளவு தெளிவாக ஒருவர் கூறியிருப்பது வியப்பே. ஆயினும், செருப்பில்லாமல் நடக்கச் சொன்னதை மட்டும் நாம் ஏற்பதற்கில்லை. அதன் காரணத்தைப் பின்னர்க் கூறுவோம். மேலைநாட்டிலோ, இன்சுலின் கிடைத்த சில ஆண்டுகளுக்குள், 1926இலேயே, தாமும் நீரிழிவு நோயாளியாயிருந்த ஆங்கில வைத்தியர் லோரன்ஸ், தேகாப்பியாசம் இன்சுலினின் வலிமையைக் கூட்டுகின்றது என எழுதினார். அமெரிக்க வைத்தியர் ஜொஸ்லின், உணவுக் கட்டுப்பாடு, இன்சுலின், தேகாப்பியாசம் என்னும் மூன்று குதிரைகள் பூட்டிய தேராக இந்நோயின் சிகிச்சையை உருவகித்தார். மூன்றாவது குதிரையைத்தான் நம்மவர் பெரும்பாலும் இலாயத்திலேயே கட்டிவைத்துவிடுகின்றனர்.

நோயின் வாசற்படியில் நிற்போரை நடையால் திருப்பி அனுப்ப முடியுமா என்பதற்கு நமக்கு அண்மையிலேயே சான்று உண்டு. சென்னையில் வைத்தியர் இராமச்சந்திரனும் அவர்தம் குழுவினரும் நடத்தி, 2006இல் வெளியிட்ட ஆய்வு அது. சர்க்கரை சற்றே ஏறியிருந்த, ஆனால் இன்னும் நோயாளியாகாத 531 பேர் அதிற் பங்குபற்றினர். மூன்றாண்டு முடிவில், பொதுவான அறிவுரை மட்டும் பெற்றோருள் நூற்றுக்கு 55 பேர் நோயாளிகளாயினர். உணவையும் நடையையும் சீர்செய்தோருள் 39 பேரே நோயாளிகளாயினர். மெற்போமின் மாத்திரை உட்கொண்டோரும் ஏறத்தாழ அதே அளவு நன்மை பெற்றனர். நடையும் மாத்திரையும் சேர்ந்தபோது நன்மை மேலும் கூடவில்லை. இதில் எமது கவனத்தை ஈர்த்தவை இரண்டு. நடையால் நன்மை பெற்றோரின் உடல் நிறை குறிப்பிடத்தக்கவாறு குறையவேயில்லை. மெலிந்தால்தான் பயன், தராசு காட்டாவிட்டால் எல்லாம் வீண் என்று மனஞ் சோர்வார்க்கு இது நற்செய்தி. மற்றொன்று, நாள்தோறும் உடலுழைப்புச் செய்பவர்களையும் அரை மணிக்கு மேல் நடந்தோ சைக்கிளிலோ செல்பவர்களையும் ‘நீங்கள் செய்வதையே தொடர்ந்து செய்யுங்கள்’ என்றே அவ்வாய்வாளர் விட்டுவிட்டனர். உழைப்பும் தேகாப்பியாசமே என அவர்கள் கணக்கிட்டனர். சீனாவின் டாச்சிங் நகரில் 1986இல் தொடங்கி ஆறாண்டு நடந்த ஆய்விலும், பயிற்சி செய்தோரின் அபாயம் ஏறக்குறையப் பாதியளவு குறைந்தது.

எனவே, நம் தோட்டத்து நம்பிக்கையின் உண்மையான பாதி இப்போது விளங்கும். பால்வெட்டும் தொழிலாளி ஒருவர் விடிவதற்குள் எழுந்து, வெயில் ஏறுமுன் இருநூற்றைம்பது முந்நூறு மரங்களை வெட்டிவிட வேண்டும். மரத்துக்கு மரம் சரிவிலே ஏறியும் இறங்கியும் செல்கிறார். பின்னர்ச் சிரட்டைகளில் வடிந்த பாலைச் சேர்த்து, வாளியைச் சுமந்து கொண்டு மீண்டும் அதே சரிவு. கொழுந்து பறிக்கும் பெண்ணின் நடை மெதுவானது. ஆயினும் முதுகிற் பாரத்தோடு நாள் முழுவதும் நிரை பிடித்து நின்றுகொண்டே இருக்கிறாள். இவர்களைப் பார்த்து, ‘தினமும் அரை மணி நேரம் தேகாப்பியாசம் செய்யுங்கள்’ என்று உபதேசிப்பது அறியாமை மட்டுமன்று; அவமதிப்புமாகும். அவர்களது கொல்லைப்புற வாசல் ஒவ்வொரு நாளும் திறந்தே இருக்கின்றது. ரொட்டியும் சம்பலும் சோறும் சீனி மிகுந்த தேநீரும் அவ்வுழைப்பிலே எரிந்துபோகின்றன.

ஆனால், இதிலே ஒரு கடுமையான விதி இருக்கின்றது. உழைப்பின் பயனைச் சேமித்து வைக்க முடியாது. 1983இல் அமெரிக்காவிலே, நன்கு பயிற்சி பெற்ற சிலரைப் பத்து நாட்கள் மட்டும் பயிற்சியின்றி இருக்கச் செய்து பரிசோதித்தனர். அதே அளவு சர்க்கரைத் தண்ணீரைக் குடித்தபோது, முன்னரினும் மிக அதிகமான இன்சுலினைச் சுரக்க வேண்டிய நிலைக்கு அவர்களது சதையி தள்ளப்பட்டிருந்தது. பத்தே நாட்கள்! தோட்டத்து வழக்கிலே சொல்வதாயின், இது சேமலாப நிதி போன்றதன்று; அன்றன்று பேர் போட்டால் அன்றன்றைக்குச் சம்பளம். முப்பது வருடம் மலையேறியவர் என்பதற்காகச் சதையி எவருக்கும் ஓய்வூதியம் தருவதில்லை.

பொய்யான பாதி இங்கேதான் தொடங்குகின்றது. வயது முதிர்ந்து செக்ரோலிலிருந்து பேர் நீங்கிய நாளை எண்ணிப் பாருங்கள். நேற்றுவரை விடியற்காலையில் மலைக்குப் போனவர் இன்று லயத்து இஸ்தோப்பில் அமர்ந்துவிடுகிறார். உழைப்பு நின்றது, உணவோ நிற்கவில்லை. காலையில் அதே மூன்று ரொட்டி, அதே சோறு, வருவோர் போவோருடன் அதே தேநீர். உழைத்த வயிற்றின் அளவு அப்படியே இருக்க, உழைத்த தசையோ நாள்தோறும் கரைகின்றது. ‘நாங்கள் பார்க்காத வேலையா? எங்களுக்கு எப்படி இந்த வியாதி வரும்?’ என்ற எண்ணத்தினால் அவர் இரத்தத்தைச் சோதிப்பதும் இல்லை. காலிற் புண் வந்து ஆறாதபோதோ, கண் மங்கியபோதோதான் உண்மை வெளிப்படுகின்றது.

முதியோர் மட்டுமல்லர். தோட்டத்திலிருந்து கொழும்புக்குச் சென்று கடைகளிலே பன்னிரண்டு மணி நேரம் கல்லாவுக்குப் பக்கத்தில் நிற்கும் இளைஞர், முச்சக்கர வண்டி ஓட்டுவோர், தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருக்கும் பெண்கள், வகுப்பறையிலும் விடைத்தாள்களோடும் காலங்கழிக்கும் எம்மைப் போன்ற ஆசிரியர்கள், காலை முதல் இரவுவரை பாடசாலையும் பிரத்தியேக வகுப்புமாக அமர்ந்தே படிக்கும் மாணவர்கள் ஆகிய யாவரும் பெற்றோரின் உணவைப் பெற்றோரின் உழைப்பின்றி உண்போரே. பெற்றோர் நடந்த பாதையில் இவர்கள் வாகனத்திற் செல்கின்றனர். இதைக் குறையாக நாம் கூறவில்லை. மழையிலும் அட்டைக்கடியிலும் பிள்ளை நடக்கக்கூடாது என்றுதானே பெற்றோர் பாடுபட்டனர்?

உடல் பருத்தவருக்கே இந்நோய் என்று எண்ணுவதும் தவறு. தென்னாசிய மக்கள் மெலிந்த உடம்பிலும் வயிற்றுப்புறத்திலே கொழுப்புச் சேர்ப்பவர்கள். மேலைநாட்டாரினும் குறைந்த உடல் நிறையிலேயே இந்நோய்க்கு ஆளாகின்றனர். கருவிலே போதிய போசணை பெறாது குறைந்த நிறையுடன் பிறந்த குழந்தைக்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு அதிகம் என்பதும் இன்று பலவாறு உறுதிப்பட்டிருக்கின்றது. இலங்கையில் குறைந்த பிறப்பு நிறை மிகுந்து காணப்படுவது தோட்டப்புறத்திலேயே. தாயின் வறுமை பிள்ளையின் சதையியிற் பதிவாகின்றது. அப்பிள்ளை வளர்ந்து நகரத்துக்குச் சென்று வயிறார உண்டு அமர்ந்திருக்கும்போது அந்தப் பழைய கடன் வட்டியோடு திரும்பக் கேட்கப்படுகின்றது.

செய்யக்கூடியது யாது? வாரத்துக்கு நூற்றைம்பது நிமிடம், அதாவது ஐந்து நாள் அரை மணி வீதம், வேகமாக நடத்தல் என்பது உலக சுகாதார ஸ்தாபனம் வகுத்த குறைந்த அளவு. நகரத்துப் பூங்காவில் இது எளிது. இருட்டியபின் விளக்கில்லாத தோட்டத்துப் பாதையில், ஒரு பெண் தனியே அரை மணி நடந்துவர முடியுமா? ஆதலின், நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தார் 2016இல் வெளியிட்ட ஓர் ஆய்வை நாம் பெரிதும் விரும்புகிறோம். இரண்டாம் வகை நீரிழிவுடைய 41 பேரை, ஒரு காலப்பகுதியில் நாளுக்கு ஒருமுறை அரை மணி நடக்கவும், மற்றொரு காலப்பகுதியில் ஒவ்வொரு சாப்பாட்டின் பின்னும் பத்து நிமிடம் நடக்கவும் செய்தனர். நடந்த நேரம் இரண்டிலும் ஒன்றே. சாப்பாட்டின் பின் நடந்தபோது, உணவுக்குப் பிந்திய சர்க்கரை நூற்றுக்கு 12 பங்கு குறைவாக இருந்தது. இராச் சாப்பாட்டின் பின்னரோ 22 பங்கு குறைவு. நம்முடைய வீடுகளில் பெரிய சாப்பாடு எது? இரவுச் சோறு. உண்டவுடன் பாயை விரிப்பது நமது வழக்கம். அந்தப் பத்து நிமிடத்துக்குத் தோட்டத்துப் பாதை வேண்டியதில்லை. லயத்து வாசலில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடப்பதே போதும். இரத்தத்திற் சர்க்கரை ஏறிக்கொண்டிருக்கும் அதே வேளையிற் கொல்லைப்புற வாசல் திறப்பதால் இவ்வளவு பயன் விளைகின்றது.

சோதனை செய்துகொள்ளவும் தூரம் போகவேண்டியதில்லை. அரசாங்க ஆரம்ப வைத்தியசாலைகளிலே 2011 முதல் ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையங்கள் தொடங்கப்பட்டன. அவற்றில் இச்சோதனை இலவசம். அங்கு பெண்கள் வருமளவு ஆண்கள் வருவதில்லை. வெறும் வயிற்றிலே எடுத்த இரத்தத்தில் நூறு மில்லிலீற்றருக்கு 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ சர்க்கரை இருந்து, மறுமுறை பார்த்தபோதும் அவ்வாறே இருப்பின் அது நீரிழிவு. நூறைத் தாண்டி அதற்குள் இருந்தால் விழித்துக்கொள்ள வேண்டிய காலம்.

நோய் வந்துவிட்டவர்கள் சில எச்சரிக்கைகளை மனத்திற் கொள்ளல் வேண்டும். நடக்கத் தொடங்கியதும் மாத்திரையைத் தாமே நிறுத்திவிடுவது பேராபத்து. குறைப்பதும் நிறுத்துவதும் வைத்தியர் பொறுப்பு. இன்சுலின் ஊசி போடுவோரும், கிளிக்லசைட், தொல்பியூட்டமைட் போன்ற மாத்திரை உண்போரும் நடக்கும்போது சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடலாம். ஊசியால் ஏற்றிய இன்சுலின், உடம்பு தானே சுரப்பது போல நடையின்போது குறைந்து கொடுக்காது. முன்வாசல், கொல்லைப்புற வாசல் இரண்டும் ஒருசேரத் திறந்த கதையாகிவிடும். கை நடுக்கமும், குளிர்ந்த வியர்வையும், படபடப்பும் கண்டால் உடனே நின்று சீனியோ இனிப்போ உண்ண வேண்டும். மடியிலே இரண்டு இனிப்புகள் இல்லாமல் இவர்கள் நடக்கப் புறப்படலாகாது. நெஞ்சில் இறுக்கம் தோன்றினால் நடையை நிறுத்தி வைத்தியரிடம் செல்க. சிலர், காலையில் கடுமையாக ஓடிவிட்டுச் சோதித்தபோது சர்க்கரை ஏறியிருப்பதைக் கண்டு திகைக்கின்றனர். கடும் ஓட்டத்திலே அதிரினலின் பொங்கி எழுவதால், தசை ஏற்பதினும் மிகுதியாக ஈரல் கொட்டிவிடும். சிறிது நேரத்தில் அது தானே அடங்கும்.

இனிச் செருப்பின் கதை. நெடுநாள் நீரிழிவில் பாதங்கள் உணர்விழக்கின்றன. முள் தைத்தாலும், செருப்புவார் உராய்ந்தாலும், மழைக்காலத்தில் அட்டை கடித்த இடம் புண்ணானாலும் தெரிவதில்லை. வெறுங்காலோடு மலையேறிப் பழகியவர்கள் செருப்பைப் பெரிதாக மதிப்பதுமில்லை. நடப்பவர் யாராயினும் மூடிய செருப்பணிந்தே நடக்க வேண்டும். இரவிலே விளக்கருகே அமர்ந்து இரண்டு பாதங்களின் அடியையும், விரலிடுக்கையும் பார்த்துவிட வேண்டும். குனிந்து தம் பாதத்தைத் தாமே காண இயலாத பாட்டன் பாட்டிமாருக்கு, படித்து முடித்துப் புத்தகத்தை மூடிய பேரப்பிள்ளை ஒருமுறை பார்த்துச் சொல்லலாம்.